கொலொபெங் மிஷனில் ஒரு செவ்வாய்க்கிழமை எப்படி இருந்திருக்கும்?

#1 பார்வதிபுரம்காரன்

எல்லாருக்கும் வணக்கம். போட்ஸ்வானா வந்து ஆறு வருஷம் ஆச்சு, காபரோனில் கணக்குப் பிரிவில் வேலை. போன ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு ரெண்டு குடும்பமா புளிச்சோறு கட்டிக்கிட்டு கொலொபெங் போய்ட்டு வந்தோம். ஊருக்கு மேற்கே காரில் அரைமணி நேரம்தான். டேவிட் லிவிங்ஸ்டன் 1847-லிருந்து 1852 வரை மிஷன் நடத்தின இடம்.

பார்க்க ஒண்ணும் இல்லேன்னுதான் சொல்லணும். வீடு இருந்த தரையோட தடம், கொஞ்சம் கல்லு, முள்ளு மரம், சில கல்லறைகள். அதுல ஒண்ணு அவரோட ஆறு வாரக் குழந்தை எலிசபெத்துக்கு. வருஷம் 1850. என் மக அந்தக் கல்லுகிட்டயே ரொம்ப நேரம் நின்னுட்டா.

நான் நாகர்கோவில்காரன், எல்.எம்.எஸ். சபையில வளர்ந்தவன். மயிலாடிக்கு மிஷனரி ரிங்கல்தௌபேயை அனுப்பின அதே லண்டன் மிஷன் சொசைட்டிதான் இவரையும் இங்க அனுப்பியிருக்கு. ஓய்வுநாள் பள்ளியில் லிவிங்ஸ்டன்னா ரெண்டே கதைதான்: சிங்கம் கடிச்சது, பெரிய அருவியைப் பார்த்தது. இந்தப் பொட்டல்ல அஞ்சு வருஷம் பெண்டாட்டி பிள்ளைகளோட குடித்தனம் பண்ணினதை யாரும் சொன்னதில்லை. சிங்கமும் அருவியும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை அங்க எப்படி இருந்திருக்கும்? என்ன சாப்பிட்டாங்க, யார் சபைக்கு வந்தாங்க, யார் வரலை? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 ஓலைப்பெட்டி

அண்ணே, நல்ல கேள்வி. 1857-ல் வந்த அவரோட பயணப் புத்தகத்திலேயே அந்த வீட்டு நாள் இருக்கு, ஆரம்பப் பக்கங்கள்லயே. எல்லாரும் அதைத் தாண்டிட்டு அருவிக்கு ஓடிடறாங்க.

காலையில சீக்கிரமே எழுந்திருப்பாங்க, பகல் எவ்வளவு கொதிச்சாலும் காலை குளிர்ச்சி. ஆறிலிருந்து ஏழு மணிக்குள்ள குடும்ப ஜெபமும் காலைச் சாப்பாடும். அப்புறம் பள்ளிக்கூடம், ஆம்பளை பொம்பளை குழந்தை எல்லாரும் ஒண்ணா. பதினோரு மணிக்கு முடியும். அதுக்குமேல அவர் கொல்லர், தச்சர், தோட்டக்காரர், எது தேவையோ அது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஓய்வு. அப்புறம் அவர் மனைவி மேரி சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பாங்க, நூறு பிள்ளைகள் வரை கூடுவாங்களாம். சில நாள் அதுக்குப் பதிலா தையல் வகுப்பு. (நம்ம நாகர்கோவில் பக்கம் மால்ட் அம்மா லேஸ் சொல்லிக்கொடுத்த மாதிரியேதான். எல்.எம்.எஸ். எங்க போனாலும் ஊசி நூலை விடலை.) சாயங்காலம் ஊருக்குள்ள போய்த் திண்ணைப் பேச்சு. வாரத்தில் மூணு ராத்திரி, மாடு கறந்த பிறகு ஆராதனை. இன்னொரு ராத்திரி படம் காட்டி உலக விஷயப் பாடம்.

கடை கிடையாது. பெரிய மிஷன் குருமான், அது 400 கிலோமீட்டருக்கு மேல, மாட்டு வண்டியில் வாரக்கணக்கு. அதனால வெண்ணெய் ஜாடியில் குலுக்கி எடுத்தது, மெழுகுவத்தி அச்சில் ஊத்தினது. சோப்புக்குச் செடியை எரிச்ச சாம்பலைக் கொழுப்போட ஒரு மாசத்துக்குக் குறையாமக் காய்ச்சணும். ரொட்டி சுட அடுப்பு எதுன்னு நினைக்கறீங்க? கரையான் புற்றைக் குடைஞ்சு, வாசலுக்கு ஒரு பலகைக்கல்.

தரைக்கு என்னன்னு மேரியோட அம்மா ஊருக்கு எழுதின கடிதத்தில் இருக்கு. அவங்களும் ஒரு மேரி, குருமான் மிஷனை நடத்தின ராபர்ட் மொஃபட்டோட மனைவி. வாரம் ஒரு தடவையாவது எல்லா அறைக்கும் சாணி மெழுகுவாங்களாம். வந்த புதுசுல முகம் சுளிச்சாங்க, அப்புறம் தூசி அடங்குது, தெள்ளுப்பூச்சி சாகுதுன்னு சனிக்கிழமை எப்ப வரும்னு காத்திருந்தாங்களாம். இங்கிலாந்துல இருந்த சொந்தக்காரங்க படிச்சிட்டு என்ன நினைச்சாங்களோ!

#3 மெய்ப்பொருள்

சோப்பும் சாணியும் சரி. ஆனா இதெல்லாம் அவர் எழுதினது, அவர் கண்ணால பார்த்தது. அங்க ஏற்கனவே ஒரு ஊர் இருந்தது, ஒரு ராஜா இருந்தார், அவங்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. மிஷன் வாழ்க்கைன்னா அந்த வெள்ளைக்காரக் குடும்பத்தோட வாழ்க்கை மட்டும்தானா? இரும்பை ஒட்டவைக்க அவருக்குக் கத்துக்கொடுத்தது உள்ளூர் கொல்லர். அதுவும் அதே புத்தகத்தில்தான் இருக்கு.

#4 ஓலைப்பெட்டி

நான் மறைக்கலை சார். இன்னொண்ணும் சேர்த்துக்குங்க. சிங்கம் கடிச்ச கதை 1844-ல், அவர் முதல்ல மிஷன் வெச்ச மபோட்சாவில். லிவிங்ஸ்டனைக் காப்பாத்தத் துப்பாக்கி நீட்டினவர் மெபல்வே, அந்த நாட்டுக்காரர், சபையில் உபதேசியார். சிங்கம் லிவிங்ஸ்டனை விட்டுட்டு அவர்மேல பாஞ்சு தொடையைக் கடிச்சது. ஓய்வுநாள் பள்ளிப் படத்தில் அவர் பின்னாடி ஒரு ஓரமா நிப்பார். கொலொபெங்கிலும் அவர் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

#5 தேரிக்காடு

நான் விவசாயி. நீங்க எல்லாரும் தண்ணியைப் பத்திப் பேசாம மிஷன் பத்திப் பேசறீங்க.

கொலொபெங்கிறது ஆத்தோட பேரு. அதுக்கு முன்னாடி அவர் இருந்த சோனுவானேயில மழை பொய்ச்சது. வத்தாத ஆத்தங்கரைக்குப் போய் வாய்க்கால் வெட்டிப் பாசனம் பண்ணலாம்னு யோசனை சொன்னதே லிவிங்ஸ்டன்தான். ராஜா செச்செலே ஊர் மொத்தத்தையும் கிளப்பிக் கூட்டிட்டுப் போனார். சனங்க வாய்க்கால் வெட்டினாங்க, பதிலுக்கு இவர் ராஜாவுக்குச் சதுர வீடு கட்ட உதவினார். செச்செலேயோட சனங்களான பக்வேனாக்கள் கட்டற வீடு வட்டம். மூலை மட்டம் பார்த்துக் கல்லு வைக்கிறது அவங்களுக்கு வரலை, ஒவ்வொரு கல்லையும் நானே வைக்க வேண்டியிருந்ததுன்னு அலுத்துக்கறார். அவரைக் கூப்பிட்டு வட்ட வீடு ஒண்ணு கட்டச் சொல்லியிருக்கணும், தெரிஞ்சிருக்கும்.

முதல் வருஷம் பாசனம் நல்லா நடந்தது. ரெண்டாம் வருஷம் மழை இல்லை. மூணாம் வருஷமும் இல்லை. அந்த ரெண்டு வருஷமும் சேர்த்துப் பத்து அங்குலம்கூடப் பெய்யலையாம். இப்ப காபரோன் பக்கம் ஒரு வருஷ சராசரியே ஐந்நூறு மில்லிமீட்டரை ஒட்டி வரும், பத்து அங்குலம்னா அதுல பாதி. ஆறு நின்னுபோச்சு. செத்த மீனைத் தின்ன சுத்துவட்டாரக் கழுதைப்புலி எல்லாம் வந்தும் தீர்ந்தபாடில்லை. சேத்தில் ஒரு கிழட்டு முதலையும் செத்துக் கிடந்ததாம். (க்வேனான்னா முதலைதான், அந்தச் சனத்தோட குலச்சின்னம். பார்த்தவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்!) மாசக்கணக்கா வெளியில கிடந்த ஊசி துருப்பிடிக்கலை. பொம்பளைங்க நகையை வித்து அக்கம்பக்கத்து ஊர்ல தானியம் வாங்கினாங்க. பிள்ளைங்க கிழங்கு தோண்டித் தின்னாங்க.

அண்ணாச்சி கேட்ட செவ்வாய்க்கிழமை இதுதான். காலையில் எழுந்து முதல்ல வானத்தைப் பார்க்கறது.

#6 பார்வதிபுரம்காரன்

தேரிக்காடு அண்ணே, இதைப் படிச்சதும் ஒண்ணு உறைச்சது. இங்க நாட்டுப் பணத்துக்குப் பேரே புலா, அதாவது மழை. கூட்டம் முடிஞ்சாலும் "புலா!"ன்னுதான் கூவுவாங்க. ஆறு வருஷமா சம்பளத்தை மழையில வாங்கிட்டிருக்கேன், யோசிச்சதே இல்லை.

#7 ஓலைப்பெட்டி

அப்ப மழை வைத்தியர் கதையையும் சொல்லிடணும்.

மழை வரவழைக்கிறது அங்க பெரிய வித்தை, கையில் மூலிகை, கிழங்கு, வௌவால், நரி ஈரல், சிங்க இருதயம், பாம்புத் தோல் எல்லாம் இருக்கும். ஒரு கிழங்கை அரைச்சு ஆட்டுக்குக் கொடுத்தா அது துடிச்சுச் சாகும், அதே கிழங்கை எரிச்சுப் புகையை வானத்துக்கு அனுப்புவாங்க. லிவிங்ஸ்டன் டாக்டருக்குப் படிச்சவர் இல்லையா, ஒரு மழை வைத்தியரோட நேருக்கு நேர் வாதாடினதை அப்படியே எழுதி வெச்சிருக்கார். மழையைக் கடவுள் ஒருத்தர்தான் கொடுக்க முடியும்னு இவர் சொல்ல, அந்த ஆளு கேட்கறார்: நீயும் மருந்து கொடுக்கறே, சில சமயம் பிழைக்கறான், சில சமயம் சாகறான். செத்துட்டான்னு மருந்தை விட்டுட்டியா? நானும் அப்படித்தான், மருந்து போடறேன், கொடுக்கறது கடவுள். உங்களுக்கு அவர் என்னென்னமோ கொடுத்தார், எங்களுக்குக் கொடுத்தது இந்தச் சின்ன ஒரு அறிவு. உன் புத்தகம் எங்களுக்குப் புரியலை, ஆனாலும் அதை நாங்க இகழலை. நீ ஏன் எங்களோடதை இகழறே?

இப்படி ஒருத்தரைக்கூட வாதத்தில் ஜெயிக்க முடிஞ்சதில்லைன்னு லிவிங்ஸ்டனே ஒத்துக்கறார். மிச்சமானது ஒண்ணுதான், இந்த ஆளுக்கு மழை வர்றதில் விருப்பமில்லைன்னு ஊர்ல பேர்.

#8 தேரிக்காடு

ஊர்க்காரன் பக்கம் நியாயம் இருக்கே. பத்து மைல் தள்ளி மலையில் மழை கொட்டுது. அங்க ஜெபம் இல்லை, மணி இல்லை. இங்க தினம் ஜெபம், ஒரு துளி இல்லை. ராஜாவோட சித்தப்பா வந்து, நீ எங்க ஊர்ல பிறந்தவன் மாதிரி எங்களுக்கு வேண்டியவன், அந்தப் பிரசங்கத்தையும் ஜெபத்தையும் மட்டும் விட்டுடுன்னு கெஞ்சியிருக்கார். இன்னும் சிலர், ராஜாவை நாலு தூறலாவது போடவிடு, அப்புறம் நாங்க எல்லாருமே வந்து எவ்வளவு வேணும்னாலும் பாடறோம்னு பேரம் பேசியிருக்காங்க. எங்க ஊர்ல மழைக்கஞ்சி ஊத்தறவன் சொல்ற அதே பேச்சு.

#9 மெய்ப்பொருள்

ராஜாவை ஏன் கேட்கணும்? ராஜாவே மழை வைத்தியர் என்பதால். இதை யாரும் இன்னும் சொல்லலை. செச்செலே பேர் பெற்ற மழைக்காரர். ஞானஸ்நானம் வாங்கினதும் அதை விட்டார், விட்ட நேரத்தில் பஞ்சம். ஜனங்களுக்குக் கணக்கு நேராக இருந்தது.

அடுத்தது மனைவிகள். அவருக்கு ஐந்து பேர். ஞானஸ்நானத்துக்காக நாலு பேரை அனுப்பினார். விசுவாசம் ஒருத்தருக்கு, தண்டனை நாலு பேருக்கு. இதை எந்த ஓய்வுநாள் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள்?

#10 கணக்குவாத்தியார்

இத்தனை நாள் படிச்சிட்டு மட்டும் இருந்தேன், செச்செலே பேர் வந்ததும் எழுதாம இருக்க முடியலை. என் பார்வையில் கொலொபெங் கதை லிவிங்ஸ்டன் கதையே இல்லை, இவர் கதை.

சந்திச்ச ஆரம்பத்திலேயே செச்செலே கேட்ட கேள்வி: என் முன்னோர் எல்லாம் இருட்டுக்குள்ள போயிட்டாங்க, உன் முன்னோருக்கு இது தெரிஞ்சிருந்தா ஏன் முன்னாடியே சொல்லி அனுப்பலை? லிவிங்ஸ்டன் வழியில இருந்த பூகோளத் தடைகளைப் பத்தி ஏதோ சொல்லிச் சமாளிச்சார். எனக்கு இன்னிக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது.

எழுத்து சொல்லிக்கொடுத்த முதல் நாளே பெரிய எழுத்து, சின்ன எழுத்து ரெண்டையும் படிச்சு முடிச்சார். வேட்டைக்குப் போறதை விட்டு உட்கார்ந்து படிச்சதில் உடம்பு பெருத்துபோச்சாம். ஏசாயா அவருக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த ஏசாயாவுக்குப் பேசத் தெரிஞ்சிருக்குன்னு சொல்வாராம், ஒரு ராஜா இன்னொரு நல்ல பேச்சாளரைப் பாராட்டற தோரணையில.

சனங்க சபைக்கு வராததைப் பார்த்து, வெறும் பேச்சால இவங்க நம்புவாங்கன்னா நினைக்கறே, நீ சரின்னு சொல்லு, தலைவர்களைக் கூப்பிட்டுக் காண்டாமிருகத் தோல் சாட்டையால சீக்கிரமே எல்லாரையும் விசுவாசி ஆக்கிடறேன்னார். லிவிங்ஸ்டன் ஆடிப்போயிட்டார். சிரிக்காதீங்க, செச்செலே கேலி பண்ணலை. ராஜாவுக்கு வேட்டை பிடிச்சா ஊரே வேட்டைக்குப் போகும், ஆட்டம் பிடிச்சா ஊரே ஆடும். தேவ வார்த்தை பிடிச்சப்ப மட்டும் ஒருத்தனும் கூட வரலைன்னு பிற்பாடு வருத்தப்பட்டிருக்கார்.

மெய்ப்பொருள் சொன்ன மனைவிகள் விஷயம் அவர் சொன்னதைவிட மோசம். அந்தப் பெண்களோட அப்பாக்கள் குறுநிலத் தலைவர்கள், செச்செலே கஷ்டத்தில் இருந்தப்ப கைகொடுத்தவங்க. அவங்க மகள்களை அனுப்பறது நன்றிகெட்ட வேலை. லிவிங்ஸ்டனும் அனுப்பு அனுப்புன்னு நெருக்கலை, அவருக்கே அந்தப் பெண்கள்மேல பரிதாபம், பள்ளிக்கூடத்தில் நல்லாப் படிச்சவங்களே அவங்கதான். செச்செலே மூணு வருஷம் யோசிச்சு, ஒவ்வொருத்தருக்கும் புதுத் துணி, அவங்கவங்க சாமான் எல்லாம் கொடுத்து, உங்க மக மேல ஒரு குறையும் இல்லை, கடவுள் சித்தத்துக்காக அனுப்பறேன்னு சொல்லி அப்பா வீட்டுக்கு அனுப்பினார். 1848 அக்டோபர் 1-ல் ஞானஸ்நானம். கிழவனுங்க அழுதாங்க, எங்க ராஜாவை வெள்ளைக்காரன் மயக்கிட்டான்னு. அதுக்கப்புறம் அந்த நாலு குடும்பமும் சபைக்கு எதிரி. ராஜா வீட்டு ஆட்களைத் தவிர பள்ளிக்கூடத்துக்கும் சபைக்கும் வர ஆள் இல்லை.

அடுத்த வருஷம் அனுப்பின மனைவிகளில் ஒருத்தி கர்ப்பம், தகப்பன் செச்செலே. ஒத்துக்கிட்டார். லிவிங்ஸ்டன் அவரை நற்கருணையிலிருந்து நிறுத்திட்டார். என்னைக் கைவிட்டுடாதே, நான் இயேசுவை விடமாட்டேன், நீயும் நானும் சேர்ந்தே அவர் முன்னாடி நிப்போம்னு செச்செலே சொல்லியிருக்கார். அந்த மனுஷன் நின்ன இடத்தை நினைச்சுப் பாருங்க. ஊர் சபையை வெறுக்குது, சபை அவரை வெளியில நிறுத்திடுச்சு, வானமும் பொய்ச்சுபோச்சு.

#11 நடைவண்டி

நான் மலாவியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நாலு வருஷம் நர்ஸா இருந்தேன். மனைவிகள் பேச்சு வந்ததால் இது.

எங்க வார்டில் ஒரு அம்மா, ரெண்டாம் தாரம். ஒவ்வொரு ஞாயிறும் சபைக்கு முதல்ல வர்றது அவங்கதான், பெருக்கித் தண்ணி தெளிக்கிறது அவங்கதான், பாட்டில் அவங்க குரல்தான் மேல நிக்கும். நற்கருணை நேரத்தில் எழுந்து வெளியில போய் மாமரத்தடியில் நிப்பாங்க, முடிஞ்சதும் உள்ள வந்து அடுத்த பாட்டைத் தொடங்குவாங்க. வருத்தமா இருக்கான்னு ஒருநாள் கேட்டேன். மரத்தடியிலயும் அதே கடவுள்தான்னு சொல்லிட்டு, என் சுடிதார் துணி என்ன விலைன்னு கேட்டாங்க.

கணக்குவாத்தியார் சார் எழுதினதைப் படிச்சப்ப அந்த மாமரம்தான் ஞாபகம் வந்தது.

#12 மெய்ப்பொருள்

நடைவண்டி அக்கா, இதைத்தான் நான் சுற்றிவளைத்துச் சொல்ல வந்தேன்.

இன்னொரு விஷயம், மொழி. மாமனார் மொஃபட் செட்ஸ்வானாவில் முழு பைபிளை 1857-ல் அச்சடித்து முடித்தார், குருமானிலேயே, கை அச்சு இயந்திரத்தில். பெரிய உழைப்பு, மறுக்கவில்லை. ஆனால் பேய் பிசாசு வருகிற இடத்தில் அவர் போட்ட சொல் 'பாடிமோ'. அந்த ஜனங்களுக்குப் பாடிமோ என்றால் செத்துப்போன முன்னோர், குடும்பத்தைக் காப்பவர்கள். இயேசு ஒருவனிடமிருந்து பாட்டன் பூட்டனைத் துரத்தினார் என்று படிக்க வேண்டிய நிலை! போட்ஸ்வானா இறையியலாளர் முசா டூபே இதைப் பற்றிக் காரமாகவே எழுதியிருக்கிறார்.

#13 கணக்குவாத்தியார்

அதில் உங்களோட ஒத்துப்போறேன். செச்செலே தன் முன்னோரைப் பத்திக் கேட்ட அந்த முதல் கேள்வியோட சேர்த்துப் படிச்சா இன்னும் வலிக்குது.

#14 ஓலைப்பெட்டி

மேரியைப் பத்தி யாரும் பேசலையே. மேரிக்கு அங்க 'மா-ராபர்ட்'னு பேரு. மூத்த பிள்ளை பேரைச் சொல்லி அம்மாவைக் கூப்பிடறது அந்த ஊர் மரியாதை. நம்ம ஊர்லயும் "ராபர்ட் அம்மா"ன்னுதானே கூப்பிடுவோம்! அவங்க ஆப்பிரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவங்க. லிவிங்ஸ்டன் ஸ்காட்லாந்திலிருந்து வந்தவர். நூறு பிள்ளைகளை உட்கார வெச்சது, பஞ்சத்தில் சமையல் பண்ணினது எல்லாம் இவங்கதான். பஞ்ச காலத்தில் பிள்ளைகளுக்கு வெட்டுக்கிளியும் பெரிய தவளையும்கூட ஆகாரம். வெட்டுக்கிளி தேனோட நல்லா இருக்கும்னு அப்பா எழுதறார். யோவான் ஸ்நானகனை நினைச்சுக்கிட்டாரோ என்னமோ. தவளை வெந்தா கோழிக்கறி மாதிரி இருக்குமாம்.

1850-ல் கர்ப்பிணியா வண்டியில் பாலைவனத்தைத் தாண்டி ங்காமி ஏரிக்குப் போய்த் திரும்பினாங்க. வந்ததும் எலிசபெத் பிறந்தா, ஆறு வாரத்தில் போயிட்டா. அடுத்த வருஷம் மறுபடியும் கர்ப்பம், மறுபடியும் பயணம். மேரியோட அம்மா மருமகனுக்கு எழுதின கடிதம் நெருப்பு: ஒரு குழந்தையைப் பறிகொடுத்தது போதாதா, என்னதான் நினைச்சிட்டிருக்கே? சாணி மெழுகின அந்த அம்மாதான். அவர் கேட்கலை. 1852-ல் மேரியையும் நாலு பிள்ளைகளையும் கேப் டவுனில் கப்பலேத்தி இங்கிலாந்துக்கு அனுப்பிட்டார்.

பார்வதிபுரம் அண்ணே, உங்க மக அந்தக் கல்லுகிட்ட நின்னதுல அதிசயம் இல்லை.

#15 தேரிக்காடு

மிஷன் எப்படி முடிஞ்சதுன்னும் சொல்லிடுங்க, புதுசா படிக்கறவங்களுக்கு.

#16 கணக்குவாத்தியார்

1852 ஆகஸ்டில் டிரான்ஸ்வால் போயர்கள் (டச்சு வம்சாவளி வெள்ளைக்காரக் குடியேறிகள்) செச்செலேயை டிமாவேங்கற இடத்தில் தாக்கினாங்க. கொலொபெங்கில் லிவிங்ஸ்டன் வீட்டையும் சூறையாடினாங்க, புத்தகங்களைக் கிழிச்சு எறிஞ்சாங்க. அவர் அப்ப ஊரில் இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் இருநூறு பேரைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்கன்னு எழுதறார். வீடு போனதைவிட எனக்கு இதுதான் தாங்கலை. மேரிகிட்ட எழுத்து படிச்ச பிள்ளைகள் அவங்க.

செச்செலே நேரா விக்டோரியா ராணிகிட்டயே முறையிடறேன்னு கிளம்பி கேப் டவுன் வரைக்கும் போனார். கையில் காசு தீர்ந்து திரும்பிட்டார். லிவிங்ஸ்டன் அதுக்கப்புறம் கொலொபெங்கில் குடியிருக்கவே இல்லை. செச்செலே 1892 வரைக்கும் இருந்தார். தானே பிரசங்கம் பண்ணினார், தானே பாடம் சொல்லிக்கொடுத்தார், ஜெர்மன் மிஷனரிகளைக் கூப்பிட்டு இடம் கொடுத்தார். மழைச் சடங்கையும் செஞ்சார். ரெண்டையும்.

#17 மெய்ப்பொருள்

ரெண்டையும். அந்த ஒரு வார்த்தைக்காக இந்த இழையைச் சேமித்து வைக்கிறேன்.

#18 பார்வதிபுரம்காரன்

எல்லாருக்கும் நன்றி. இதையெல்லாம் நேத்து ராத்திரி வீட்டில் வாசிச்சுக் காட்டினேன். எங்க ஆபீஸில் ஒரு பக்வேனா அம்மா இருக்காங்க, செச்செலேயைத் தெரியுமான்னு இன்னிக்குக் கேட்டேன். கேட்டதே தப்புங்கற மாதிரி ஒரு பார்வை பார்த்துட்டு, எங்க கோசியை (ராஜாவை) தெரியாதான்னாங்க. லிவிங்ஸ்டன்? ஆமா, அவர்கிட்ட இருந்தார் ஒரு வெள்ளைக்காரர்னு சொல்லிட்டு வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க.

மக அந்தக் கரையான் புற்று அடுப்பைப் பண்ணிப் பார்க்கணும்னு ஒத்தக்காலில் நிக்கறா. எங்க வளவுக்குப் பின்னாடி ஆள் உயரத்துக்கு ஒண்ணு இருக்கு. உள்ள கரையான் இருக்கும்போதே குடையலாமா, இல்ல காலி புற்றுதான் வேணுமா? தேரிக்காடு அண்ணே, நீங்கதான் சொல்லணும்.

#19 தேரிக்காடு

காலி புற்று தேடுங்க. முதல்ல ஒரு குச்சி விட்டுப் பாருங்க, பாம்பு இருக்கும்.